என் முதல் பேய்க்கு விழுந்த மாலை

அன்புள்ள சவரி,

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் முதன்முதலாக வரைந்த பேயைப் பார்த்து டாக்கீஸ் வாசலிலேயே ஒரு பொம்பளை மயங்கி விழுந்தாள், குதிரை மிரண்டு ஜட்காவோடு அல்சூர் ஏரி வரைக்கும் ஓடியது என்று உனக்குப் பத்து வருடமாகச் சொல்லி வருகிறேன் அல்லவா? யாரும் மயங்கவில்லை. குதிரை நின்ற இடத்திலேயே நின்று கொள்ளு தின்றுகொண்டிருந்தது. நடந்தது வேறு. என் பேய்க்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மாலை போட்டார்கள். ஒரு அம்மாள் தன் பிள்ளைக்குச் சளி குணமாக வேண்டிக்கொண்டாள், குணமும் ஆகிவிட்டது. இதை நான் செத்த பிறகும் வெளியே விடாமல் கல்லறைக்குள் கொண்டுபோவதாகத்தான் இருந்தேன். உன் கடிதம் வந்து கெடுத்துவிட்டது.

உன் கடிதத்தை உங்கம்மாதான் வாசித்தாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக்கூட்டி எழுதிவிடுவேன், ஆனால் உன் கூட்டெழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. மெட்ராஸில் உன் போஸ்டர் கம்பெனி மேஸ்திரி நீ வரைந்த பேயை எல்லாருக்கும் முன்னால் தூக்கிக் காட்டி, "இது பேயா, இல்லே மத்தியானம் சாப்பிடாத வாத்தியாரா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். சனிக்கிழமைக்குள் வேறு ஒன்று வரைந்து காட்டாவிட்டால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டாராம். நீ அதற்கும் காத்திராமல், "அப்பா, உங்க ரத்தம் எனக்கு வரல. நீங்க முதல் தடவையே கண்டோன்மெண்ட்டையே கதி கலங்க வச்சீங்க. நான் ஞாயித்துக்கிழமை ரயில்ல வந்துடறேன், கோயில்ல சுரூபத்துக்குக் கலர் அடிச்சுக்கினு இருக்கேன்" என்று எழுதியிருக்கிறாய். மேஸ்திரி சொன்னதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். கோபப்படாதே. உங்கம்மா சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டே, "புள்ள பொய்யை நம்பிக்கினு அழுவுது. உண்மையை எழுதுங்க. இன்னிக்கே எழுதுங்க" என்றாள். இன்று புதன். சாயந்திரத் தபால் போவதற்குள் முடிக்க வேண்டும். அதனால்தான் பேனாவைத் தூரிகை மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது உனக்கு ஒன்பது வயது. லீவுக்குக் கோலாரில் உன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாய், அதனால்தான் என் மானம் தப்பியது. நான் அதுவரைக்கும் கோயில் சிலைகளுக்கு, சுரூபங்களுக்கு, வர்ணம் பூசுகிறவன் மட்டும்தான். அந்தோணியார், செபஸ்தியார், மாதா, சிறகு வைத்த சம்மனசு என்று இருபது வருடமாக ஒரே முகம். கண் வானத்தைப் பார்க்கும், தலை கொஞ்சம் சாயும், உதடு லேசாகத் திறந்திருக்கும், கன்னத்தில் ரோஜா நிறம். தூக்கத்தில் எழுப்பித் தூரிகையைக் கையில் கொடுத்தாலும் அந்த முகம்தான் வரும். அப்படிப்பட்ட என்னிடம் டாக்கீஸ் மேனேஜர் ரஹ்மான் சாயபு சைக்கிளில் வந்து நின்றார். பம்பாயிலிருந்து ஒரு பேய்ப் படம் வருகிறது. வழக்கமாக வரைகிறவன் மைசூருக்குப் போய்விட்டான். அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை முதல் ஷோ. "மேஸ்திரி, இருவது அடி உசரம் ஒரு பேய் வேணும். பாத்தா ஜனம் நடுங்கணும், நடுங்கிகினே டிக்கெட் எடுக்கணும். சரியா வந்தா இனிமே டாக்கீஸ் பேனர் எல்லாம் உங்க கை. வரலே, உங்களுக்கு உங்க சாமி, எனக்கு வேற ஆளு" என்றார். கையில் ஒரு போட்டோவைக் கொடுத்தார். உள்ளங்கை அகலம். ஒரு பெண், வெள்ளை உடை, விரித்த தலைமுடி, கையில் கத்தி, முகத்தில் பாதி இருட்டு. அவ்வளவுதான். படம் இன்னும் வந்து சேரவில்லை, கதையும் அவருக்குத் தெரியாது.

எனக்கு வந்த உற்சாகத்தைக் கேட்காதே. சுரூபம் என்றால் மூன்று அடி, நான்கு அடி. இருபது அடி! டாக்கீஸுக்குப் பின்னால் வண்டிக் கொட்டகையில் துணியை விரித்து, வஜ்ரப் பசையும் சுண்ணாம்புத் தூளும் பூசிக் காயவைத்து, கரியால் கட்டம் போட்டு, ஏணியில் ஏறி இறங்கி, ஆறு நாளில் முடித்தேன். ஒரு மூக்கு மட்டும் உன் உயரம் இருந்தது. வாயோரத்தில் ரத்தம் வைத்தேன். கையில் கத்தி வைத்தேன். கறுப்புப் பின்னணியில் கறுப்பு முடி தெரியவில்லையே என்று தலைக்குப் பின்னால் வட்டமாகக் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் போட்டேன். இறங்கி வந்து தூர நின்று பார்த்தேன். எனக்கே உடம்பு புல்லரித்தது. பயத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அதை டாக்கீஸ் முகப்பில் ஏற்றினோம். படத்தின் பெயரை எழுத வேண்டியது எழுத்துக்காரர் சின்னப்பா வேலை. எனக்குத்தான் பேனர் எழுத்து வராதே. சின்னப்பாவுக்கு அன்றைக்கென்று ஜுரம். சரி, பேய் இருக்கிறது, பெயர் மெதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டோம். அங்கேதான் பிடித்தது வினை. ஞாயிறு காலைப் பூசை முடிந்து நம் ஜனம் அந்த வழியாகத்தான் வர வேண்டும். நீயே சொல், சவரி: வெள்ளை அங்கி, கையில் கத்தி, வாயில் ரத்தம், கண் வானத்தில், தலைக்குப் பின்னால் ஒளி வட்டம். பெயர் இல்லை. நம் மர்பி டவுன்காரன் அதை என்னவென்று நினைப்பான்? யாரோ ஒரு வேதசாட்சி, கழுத்தறுபட்டுச் செத்த புண்ணியவதி என்றுதான் நினைப்பான். அப்படித்தான் நினைத்தார்கள். முதல் மெழுகுவர்த்தியை யார் வைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பதினோரு மணிக்கு நான் போனபோது முப்பது எரிந்துகொண்டிருந்தது. ஜோகுபாளையத்துப் பூக்காரம்மா ஏணி வைத்து மாலை போட்டுவிட்டுப் போயிருந்தாள். அவள் நம் கோயில்காரி கூட இல்லை, அவளுக்கு அது அம்மன். பக்கத்திலேயே தேங்காய் உடைத்திருந்தது.

நான் ஓடிப் போய், "ஐயோ, எழுந்திருங்க, இது சினிமா!" என்று கத்தினேன். மண்டி போட்டிருந்த ஒரு பட்டாளத்துச் சமையல்காரர் என்னை முறைத்து, "குடிச்சிருக்கியா? செபம் நடக்குது, அப்பால போ" என்றார். ரஹ்மான் சாயபு வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "அரே மேஸ்திரி! என் டாக்கீஸை சர்ச் பண்ணிட்டீங்களே! டிக்கெட் கேக்க ஒரு ஆளு இல்லே, மண்டி போட நாப்பது ஆளு! பேய் கேட்டா நவாப் வீட்டு பேகம் சாயபாவைக் கொண்டாந்து நிறுத்திட்டீங்க!" திங்கட்கிழமை பங்குச் சாமியாரே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது எந்த அர்ச்சியசிஷ்டவப்பா, எந்த ஊர்ப் புனிதை?" என்றார். "சாமி, அது பேய்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு, "கண்ணு நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. உன் மேஸ்திரி உன் பேயை வாத்தியார் என்றார். பரவாயில்லை, வாத்தியாரைப் பார்த்தாவது யாராவது பயப்படுவார்கள்.

செவ்வாய்க்கிழமை பேனரை இறக்கினோம். சாயபு வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் தவணை கொடுத்தார், அதற்கு மேல் இல்லை. இறக்கிப் பார்த்தால் கீழ் விளிம்பில் மெழுகுவர்த்தி பட்டு ஒரு முழம் துணி எரிந்து ஓட்டை. நல்ல கெட்டியான வெள்ளைத் துணி உடனே வேண்டும். அப்போது நான் செய்த காரியத்தை, சவரி, நீ நாளைக்கு உனக்கு வரப்போகிற மனைவியிடம் ஒரு நாளும் செய்யாதே. வீட்டுக்குப் போனேன். உங்கம்மா குழாயடியில் இருந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவள் கல்யாணப் புடவை இருந்தது, வெள்ளைப் பட்டு. உடுத்தினால் உள்ளே மடிந்துபோகிற பக்கமாகப் பார்த்து ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு, மறுபடி மடித்த மாதிரியே மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். ஒட்டுப் போட்டேன். முகத்தை முழுக்கச் சுண்ணாம்பால் அடித்து மறைத்தேன். மறுபடி வரைந்தேன். மறுபடி மாதா. அழித்தேன். பல்லை நீட்டினேன், பல்லு நீண்ட மாதா. புருவத்தை நெரித்தேன், தலைவலி வந்த மாதா. புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் நான்கு முகம் அழித்துவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு சாயபுவிடம் போய், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். நீ இப்போது எழுந்திருக்கிறாயே, அதே மாதிரி. பெட்டி கட்டுவதில் உனக்கு என் ரத்தம்தான், சந்தேகமே வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து உங்கம்மா சாப்பாட்டுக் கேரியரோடு கொட்டகைக்குள் வந்தாள். பேனரைப் பார்த்தாள். "என்னாங்க இது, இவளும் மேலதான் பாக்கிறா" என்றாள்.

"வேற எங்க பாக்கணும்?"

"மேல பாக்கிறவ எனக்காக வேண்டிக்கிறா. அவளைப் பாத்து நான் ஏன் பயப்படணும்? பேய்னா என்னைப் பாக்கணும். கத்தி எதுக்கு? கத்தி வச்சிருக்கிறவன்கிட்டேருந்து ஓடிடலாம். சும்மா நின்னு பாக்கிறவகிட்டதான் காலு வராது."

"அது எப்படிம்மா சும்மா நின்னு பாக்கிறது? பாத்துக் காட்டு."

"எனக்கு எங்கேருந்து வரும்? நான் என்ன பேயா?" என்று சிரித்துக்கொண்டே கேரியரைக் கீழே வைக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். ஒட்டுப் போட்ட இடத்தில், நான் பார்க்காமல் விட்ட மெல்லிய ஜரிகைக் கரை ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது. அவள் அதைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. அழவில்லை. தலை சாயவில்லை, நேராக இருந்தது. கண் இமைக்கவில்லை. உதட்டோரம் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் போல மேலே போனது. ஒரு கை முந்தானைக்குள் இருந்தது. அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. "பிலோமி! அசையாதே! அந்தோணியார் மேல ஆணை, அப்படியே இரு!" என்று கத்திக்கொண்டே கரியை எடுத்து ஏணியில் ஏறினேன். அவள் அசையவில்லை. அவளுக்கு அசைகிற எண்ணமும் இல்லை. நான் பெருசாக வரைய வரைய அவள் கோபமும் கூடிக்கொண்டே போனது, எனக்கு அதுவும் சௌகரியமாகப் போய்விட்டது.

ரத்தத்தை எடுத்தேன். கத்தியை எடுத்தேன். மஞ்சள் வட்டத்தை அழித்தேன். ஒரு கையைத் துணிக்குள் மறைத்தேன். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களே என்று மூக்கை மட்டும் மாற்றினேன். வியாழக்கிழமை சின்னப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பெயரை எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் மேலே பார்க்கவே மாட்டேன் என்று குனிந்தபடியே எழுதினார். வெள்ளிக்கிழமை காலை பேனர் ஏறியது. ரஹ்மான் சாயபு சைக்கிளை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தவர், இரண்டு அடி பின்னால் போனார். "யா அல்லா. மேஸ்திரி, இவங்க யாரு? நான் என்னா தப்பு பண்ணேன்?" என்றார். அந்தக் கேள்விதான், சவரி! அந்த ஒரு கேள்விதான் நமக்கு வேண்டும். பார்க்கிறவன் பேய் என்ன செய்யும் என்று யோசிக்கக் கூடாது. தான் என்ன செய்தோம் என்று யோசிக்க வேண்டும். கண்டோன்மெண்ட்டில் எவன் எதுவும் செய்யாதவன்? ஷோவுக்கு முன்னாலேயே வரிசை சாலை வரைக்கும் வந்துவிட்டது. உங்கம்மா சாயந்திரம் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்து, "மூக்கை ஏன் மாத்தினீங்க?" என்று மட்டும் கேட்டாள். புடவையைப் பற்றி அவள் அதற்கப்புறம் பேசவே இல்லை. அதுதான் எனக்கு இன்னமும் பயம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் பெரிய குற்றம். முதலில் சொன்ன பொய்யெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை உன்னைக் கோலாரிலிருந்து கொண்டுவந்து விட்டாள். ஸ்டேஷனிலிருந்து நாம் ஜட்காவில் டாக்கீஸ் வழியாக வந்தோம். கண்டோன்மெண்ட் பூராவும் அந்த முகத்தைப் பார்த்திருந்தது. உங்கம்மாவோடு தினமும் குழாயடியில் நிற்கிறவர்கள் பார்த்தார்கள், அவளுடைய சொந்த அண்ணன் பார்த்தார், பங்குச் சாமியார் பார்த்தார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. நீ அண்ணாந்து பார்த்த உடனே என் பனியனைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அம்மா ஏன் அங்க நிக்குது?" என்றாய். "சீ, அது பம்பாய் நடிகைடா" என்றேன். "இல்ல. நீ என்னமோ பண்ணிட்ட. அதான் அம்மா பாக்குது" என்றாய். நான் உன் வாயில் ஒரு கமர்கட்டைத் திணித்து, உனக்குக் கண் சரியில்லை, முகம் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இவனுக்கு பம்பாய்க்காரி கூட அம்மாவாத்தான் தெரியுறா" என்று சொல்லிச் சொல்லி உன்னைக் கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். நான் என் திருட்டை மறைக்கத்தான் அப்படிச் செய்தேன். ஆனால் அன்றிலிருந்து நீ எந்த முகத்தை வரைந்தாலும் என்னிடம் கொண்டுவந்து, "சரியா இருக்காப்பா?" என்று இரண்டு தடவை கேட்பாய். அது எங்கிருந்து வந்தது என்று இன்று உன் கடிதத்தைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

நீ பார்த்தது சரி, சவரி. மூக்கை மாற்றிய பிறகும், இருபது அடி உயரத்தில், ஓடுகிற ஜட்காவிலிருந்து, ஒன்பது வயதில் சரியாகப் பார்த்தாய். எனக்கு நாற்பது வயதில் உங்கம்மா காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் தடவையே ஊரை நடுங்க வைத்தது நான் இல்லை, உங்கம்மா; அந்த முகத்தைக் கண்டுபிடித்தவன் நீ ஒருத்தன்தான். ஆகையால் ரத்தம் வரவில்லை என்கிற பேச்சை விடு. உனக்கு என் ரத்தமே வேண்டாம், உன் கண் போதும்.

அந்த வாத்தியாரைக் கிழித்துப் போடு. கன்னத்தில் குழி, நீண்ட பல்லு, எலும்பு விரல் எல்லாம் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். பல்லைப் பிடுங்கு. ரத்தத்தைத் துடை. போஸ்டர் சின்னது, பேனர் மாதிரி இல்லை, அதனால் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவா. கண்ணை மட்டும் நேராக வை. தெருவில் போகிறவன் இந்தப் பக்கம் நடந்தாலும் அந்தப் பக்கம் நடந்தாலும் தொடர வேண்டும். யாரை வரைவது என்று கேட்காதே. நீ ஒரு தப்பு செய்துவிட்டு யார் முன்னால் நின்றாயோ, யார் ஒன்றும் பேசாமல் உன்னைப் பார்த்தார்களோ, அவர்களை வரை. என்னை வரையாதே, நான் பார்த்தால் ஜனம் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை ரயில் உனக்கு வேண்டாம். சனிக்கிழமை அதையும் பார்த்து உன் மேஸ்திரி சிரித்தால், அப்போது வா, நானே ஸ்டேஷனுக்கு ஜட்கா கொண்டுவருகிறேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து செபஸ்தியார் சுரூபத்தில் தைத்திருக்கிற அம்பை எண்ணிக்கொண்டிருப்போம். ஆனால் சிரிக்க மாட்டார். எனக்குக் கை அரிக்கிறது, சவரி! உன் இடத்தில் நான் இருக்கக் கூடாதா என்றிருக்கிறது.

உனக்கு மாதிரிக்கு ஒன்று வைத்து அனுப்பலாம் என்று உங்கம்மாவை மறுபடி நிற்கச் சொன்னேன். "சும்மா சும்மா எனக்குக் கோவம் வருமா?" என்றாள். புள்ளைக்காக என்றேன். வரவில்லை. வேறு வழி இல்லாமல், கிறிஸ்துமஸ் கேக் கலக்குகிற அவளுடைய பெரிய பித்தளைப் பாத்திரத்தில் பச்சையாக இருப்பது களிம்பு இல்லை, இரண்டு வருடத்துக்கு முன் நான் அதில் பச்சை வர்ணம் கலந்தேன், அதைத்தான் அவள் இரண்டு வருடமாகப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிற உண்மையைச் சொன்னேன். உடனே வந்துவிட்டது. முன்னைவிட நன்றாக வந்தது. கரியால் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிட்டேன். இத்துடன் சுருட்டி வைத்திருக்கிறேன், மடங்காமல் பிரி.

சுருட்டுவதற்கு முன்னால், தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க அதை வாசல் கதவில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அப்போது கீரைக்காரம்மா நம் வீட்டுக்குக் கீரை கொண்டுவந்தாள். கதவைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். "நேத்து வச்சது பழைய கட்டுதாம்மா, தண்ணி தெளிச்சு வச்சேன், மன்னிச்சுக்கோ" என்று கதவிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள். மணி நாலரை ஆகிறது. இன்னும் வரவில்லை. கூடையில் பதினாலு கட்டு முளைக்கீரை இருக்கிறது. உங்கம்மா ஒன்றும் பேசாமல் ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

உன் அப்பா